நாளை மறுநாளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

வீட்டிலேயே செய்யச் சொல்லி முதியவர்களுக்கு உடற்பயிற்சித் தாள் எழுதித் தரும் இயன்முறை மருத்துவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 71. வேலையில் இருந்த காலமெல்லாம் மெய்ப்புத் திருத்தியவள். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் கண் முதலில் பிழையைத்தான் தேடும். அது ஒரு வியாதி, இனி மாறாது. உங்களில் ஒருவர் எனக்குத் தந்த தாளையும் அப்படித்தான் படித்தேன். ஒற்று விடுபட்ட இடம் நான்கு. ‘குதிகால்’ ஓரிடத்தில் ‘குதிகல்’. அதெல்லாம் போகட்டும். கடைசி வரியில் இருந்த பிழை மட்டும் அன்று என் கண்ணில் படவில்லை. அதைக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று தடவை படுக்கையில் விழுந்து எழ வேண்டியிருந்தது.

அந்த வரி இது: “அசதியாக இருந்தாலும் விடாமல் செய்யவும்.”

எனக்கு வைரஸ் காய்ச்சல் ஐந்து நாள்தான் இருந்தது. ஆறாம் நாள் காய்ச்சல் இறங்கியது, அசதி இறங்கவில்லை. மூன்று மாதம் கழித்தும் அரை வாளித் தண்ணீரை நகர்த்தினால் உட்கார வேண்டியிருந்தது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகம் எல்லாம் சரி. இதயத்துக்கு எக்கோ எடுத்தார், அதுவும் சரி. “காய்ச்சலுக்கு அப்புறம் வர்ற அசதிம்மா. தசை கரைஞ்சிருக்கு. எக்சர்சைஸ் பண்ணினா சரியாயிடும்” என்று இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அவர் சொன்னதில் பாதி உண்மை. தசை கரைந்துதான் இருந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் காற்றிறங்கிய பலூனைத் தொடுவது போலிருந்தது.

இயன்முறை மருத்துவர் சிரித்த முகம், நல்ல பிள்ளை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொள்ளச் சொல்லி, அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஒன்பது. “பரவாயில்லையே, நல்லா பண்றீங்களே” என்றார். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பூரித்துப்போனேன். பிறகு தாளைத் தந்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துத் தடவை, மூன்று செட். சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து, மூன்று செட். குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது, காலில் எலாஸ்டிக் பட்டையை மாட்டி விரிப்பது. தினமும் இருவேளை. வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்ட வேண்டும். அடியில் அந்தக் கடைசி வரி.

முதல் நாள் செய்தேன். வேர்த்தது, சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் நாளும் செய்தேன். எல்லாவற்றுக்குமான பில் மூன்றாம் நாள் காலையில் வந்தது.

சீப்பை எடுத்துத் தலைக்குக் கொண்டுபோன கை பாதி வழியில் நின்றுவிட்டது. முழங்கையை மேசைமேல் ஊன்றி, தலையைக் கைக்குக் கொண்டுவந்துதான் வாரிக்கொண்டேன். சமையலறையில் ஒரு மூடி விழுந்தது. சத்தம் மண்டைக்குள் விழுந்தது. தொண்டை கரகரத்தது. கழுத்தில் நெறி கட்டினாற்போல் வலித்தது. பேப்பரில் ஒரே வரியை நான்கு முறை படித்தேன். எழுத்து தெரிகிறது, பொருள் ஏறவில்லை. வாழ்நாள் முழுக்க வரிவரியாகப் படித்தே பிழைத்தவளுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறில்லை.

இன்னொரு காய்ச்சல் வருகிறது என்று நினைத்து ஐந்து நாள் படுத்திருந்தேன். தெளிந்ததும், விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டுமே என்று தாளில் உள்ளபடி மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் மூன்றாம் நாள் விழுந்தேன். என் மகன் கட்டில் அருகே நின்று, “எழுந்திரும்மா, அசதியா இருந்தாலும் செய்யணும்னு போட்டிருக்கே” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ‘குடும்பத்தினர் ஊக்கப்படுத்தவும்’ என்றும் அந்தத் தாளில் அச்சடித்திருந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோதுதான் நாட்காட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பயிற்சி செய்த தேதியையும் படுத்த தேதியையும் அருகருகே குறித்துப் பார்த்தேன். ஒரே பிழை மூன்று பக்கங்களிலும் ஒரே இடத்தில் வந்தால் அச்சுக்கோத்தவரைத் திட்டிப் பயனில்லை. மூலப்பிரதியை வாங்கிப் பார்க்க வேண்டும்.

மூலப்பிரதியைப் பேத்தி தேடி எடுத்தாள். என்னால் படிக்க முடியாததால் அவள் படிக்க, நான் கண்ணை மூடிக் கேட்டேன், நாளுக்குப் பத்து நிமிடம்.

நான் அனுபவித்ததற்குப் பெயர் இருக்கிறது. போஸ்ட் எக்சர்ஷனல் மலேஸ் என்கிறீர்கள் நீங்கள். ‘உழைப்புக்குப் பின் வீழ்ச்சி’ என்று நான் வைத்துக்கொண்டேன். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. அரை நாள் கழித்து வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம். வந்தால் நாள்கணக்கில் நிற்கும், சிலருக்கு வாரக்கணக்கில். பழக்கமில்லாத உடற்பயிற்சியால் வரும் தசைவலியும் மறுநாள்தான் வருகிறது, அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. ஆனால் தசைவலி வேலை செய்த தசையில் மட்டும் வலித்துவிட்டு அடங்கும். இது தொண்டை, தூக்கம், நினைவு, நெஞ்சுத் துடிப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

இது புதிய செய்தி இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், நாட்பட்ட சோர்வு நோயின் அடிப்படை அடையாளங்களில் ஒன்றாக இந்த வீழ்ச்சியை 2015-லேயே எழுதிவிட்டது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் அமைப்பு 2007-இல் இந்த நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்திருந்தது. 2021 அக்டோபரில் அதே அமைப்பு தன் எழுத்தைத் தானே அடித்துத் திருத்தியது: இவ்வளவு நாளைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்துக் கூட்டிக்கொண்டு போகும் எந்தத் திட்டத்தையும் இவர்களுக்குத் தராதீர்கள் என்றது. ‘வாரம் பத்து சதவீதம்’ என்பது அதுதானே? உங்கள் துறையின் உலக அமைப்பான வேர்ல்ட் பிசியோதெரபியும் சும்மா இருக்கவில்லை. லாங் கோவிட் உள்ளவருக்கு, அதாவது கோவிட் போன பின்னும் உபாதை விடாதவருக்கு, எந்த உடற்பயிற்சியையும் சொல்லுமுன், உழைப்புக்குப் பின் நோய் கூடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள் என்று 2021 ஜூனில் எழுதியது. எனக்குத் தாள் தந்தவர் அதைப் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்திருக்கலாம். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

“எல்லாம் மனசுதாம்மா” என்பதற்கும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் மூன்று வெவ்வேறு கிருமிகளால் காய்ச்சல் கண்ட 253 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின்னும் நூற்றில் சுமார் 12 பேர் முடங்கியே இருந்தார்கள். யார் முடங்குவார் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டிக் காட்டியது முதலில் வந்த காய்ச்சலின் கடுமை. அவர்களுடைய மனப்போக்கு அல்ல. 2024-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தது. லாங் கோவிட்டால் இந்த வீழ்ச்சிக்கு ஆளான 25 பேரையும் நலமான 21 பேரையும் சைக்கிள் மிதிக்கவைத்து, மிதிப்பதற்கு ஒரு வாரம் முன்பும் மிதித்த மறுநாளும் தொடைத்தசையில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் தசையில் சக்தி தயாரிக்கும் வேலை மிதித்த பின் மேலும் மந்தமாகியிருந்தது. தசையிழைச் சேதமும் கூடியிருந்தது. அவர்கள் நடுவயதுக்காரர்கள். 71 வயதுத் தசை அதைவிட நன்றாகத் தாங்கும் என்று எந்த நம்பிக்கையில் மூன்று செட் எழுதினீர்கள்?

இவ்வளவு சொன்னதும், “சரிம்மா, அப்போ எக்சர்சைஸே வேண்டாம், நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று நீங்கள் மறு ஓரத்துக்குத் தாவிவிடக் கூடாது. இந்த மடலை எழுதுவதற்கு அந்தப் பயம்தான் பாதிக் காரணம்.

மூன்றாவது தடவை படுத்து எழுந்தபோது, கழிப்பறை இருக்கையிலிருந்து என்னால் எழ முடியவில்லை. பக்கத்துச் சுவரில் இருந்த குழாயைப் பிடித்து இழுத்தேன். குழாய் சுழன்று தண்ணீர் கொட்டியதே தவிர நான் எழவில்லை. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லையே என்று மருமகள் கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே வந்தேன். அன்று நான் அழுதது வலிக்கு அல்ல.

சராசரி வயது 67 உள்ள, நோய்நொடியில்லாத 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பில்லாத சதையை இழந்தார்கள். பத்து நாளில் ஒரு கிலோ! இளவயதில் விட்டதை இளவயதில் பிடித்துவிடலாம். எங்களுக்கு அது அப்படித் திரும்பாது. இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. 1990-இல் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், 90 வயதை ஒட்டியவர்களும் தாண்டியவர்களுமாகப் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்தசைக்கு எடைப்பயிற்சி கொடுத்தார்கள். சராசரியாகக் கால் வலு இரண்டரை மடங்குக்கும் மேலே போனது. எந்த வயதிலும் தசை சொன்னால் கேட்கும். ஆகவே பயிற்சி எங்களுக்கு வேண்டும். மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் வேண்டும்.

எல்லாருக்கும் இந்த வீழ்ச்சி வருவதில்லை என்பதும் தெரியும். கோவிட்டுக்கு மருத்துவமனையில் இருந்து திரும்பி, மூன்று மாதமாகியும் தேறாத 585 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த ரீகெய்ன் என்ற சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில், நிபுணர் கண்காணிக்க எட்டு வாரம் பயிற்சியும் மனநல ஆதரவும் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் ஓரளவு உயர்ந்தது. அதைப் படித்துவிட்டு எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். நாட்பட்ட படுக்கையால் மட்டும் பலமிழந்தவர் ஒரு ரகம்; அவரைத் தூண்டலாம், கூட்டலாம், அதட்டக்கூடச் செய்யலாம். உழைத்த பின் விழுகிறவர் வேறு ரகம். இரண்டு பேரும் உங்கள் எதிரே உட்கார்ந்து “ஒரே அசதியா இருக்கு டாக்டர்” என்றுதான் சொல்வோம். பிரிப்பது உங்கள் வேலை. அதற்கு ஒரு கேள்வி போதும்.

அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் நான் பார்த்த இரண்டாவது இயன்முறை மருத்துவர். சின்னப் பெண், படிப்பு முடித்துச் சில வருடம்தான் இருக்கும். நான் நாற்காலியில் உட்காரப் போனதும், “அதெல்லாம் இன்னிக்கு வேண்டாம்மா, படுத்துக்கிட்டே பேசலாம்” என்றாள். பிறகு கேட்டாள்: “கொஞ்சம் அதிகமா வேலை செஞ்சா, அன்னிக்கு விடுங்க, மறுநாளும் அதுக்கு மறுநாளும் எப்படி இருக்கு?” எனக்குப் பேச்சு வரவில்லை. நாட்காட்டியை எடுத்து நீட்டினேன்.

அவள் செய்ததை விவரமாக எழுதுகிறேன். நகலெடுத்து எல்லாருக்கும் கொடுப்பதற்காக அல்ல. எவ்வளவு குறைவிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்று தெரிவதற்காக. முதல் வாரம் பயிற்சியே கிடையாது. என்ன செய்தால் எத்தனை மணி நேரம் கழித்து என்ன ஆகிறது என்று குறிப்பது மட்டும்தான் வேலை. அப்படிக் குறித்தபோதுதான் தலைக்குக் குளிப்பது எனக்கு ஒரு முழு உடற்பயிற்சி என்று தெரிந்தது. நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கி, வெந்நீரில் பத்து நிமிடம். உங்கள் தாளில் குளியலுக்குக் கணக்கே இல்லை. தலைக்குக் குளித்த நாளில் பயிற்சி கிடையாது என்றாள். குளிக்க ஒரு ஸ்டூலும் போடச் சொன்னாள்.

பயிற்சி தொடங்கியது படுக்கையில். படுத்தபடியே பின்புறத் தசையை இறுக்கி மூன்று எண்ணித் தளர்த்துவது, இரண்டு முறை. குதிகாலை மெத்தைமேல் தேய்த்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவது, ஒரு காலுக்கு இரண்டு. முடிந்தது! எனக்குச் சிரிப்பு வந்தது. “இதுக்கா ஃபீஸ் கொடுத்தோம்” என்று மகனைப் பார்த்தேன். “நாளை மறுநாள் சிரிங்கம்மா” என்றாள் அவள். நாளை மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மறுநாளும் ஆகவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாகத் தசையை வேலை வாங்கிவிட்டு, அதற்குத் தண்டனை வாங்காமல் இருந்தேன்.

இரண்டு வாரம் அதே அளவு. பிறகு நாற்காலி. கைப்பிடியுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, போர்வையை நான்காக மடித்து இருக்கையில் வைத்து உயரம் கூட்டினாள். உயரம் கூடினால் தொடைக்குப் பாரம் குறையும். இரண்டு கையையும் ஊன்றி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் எங்கள் வயதில் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். ஒரு முறை எழுந்து உட்கார்ந்ததும் ஒரு முழு நிமிடம் ஓய்வு. பிறகு இன்னொரு முறை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும். கூட்டுவதானால் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டும்: எண்ணிக்கையைக் கூட்டினால் போர்வை அப்படியே இருக்கும், போர்வையில் ஒரு மடிப்பைக் குறைத்தால் எண்ணிக்கை அப்படியே இருக்கும். இரண்டு வாரம் சரிவில்லாமல் போனால்தான் கூட்டும் பேச்சே. சரிந்தால் பாதிக்குப் போய்விட வேண்டும். அதற்கு வெட்கப்படக் கூடாது.

நாடித்துடிப்பைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்தச் சொல்கிறவர்களும் உங்களில் உண்டு. நான் ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. எண் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், உள்ளே மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். என்போல் அதைச் சாப்பிடும் முதியவர்கள் நிறையப் பேர். அந்தப் பெண் எண்ணை நம்பவில்லை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை கஷ்டத்துக்கு மார்க் போடச் சொன்னாள். மூன்றைத் தாண்டினால் நிறுத்து. முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லையா, அப்போதும் நிறுத்து. எழுந்து நின்றதும் கிறுகிறுக்கிறதா என்று முதலிலேயே படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அழுத்தம் பார்த்தாள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு நிற்பதே ஒத்துக்கொள்வதில்லையாம். அவர்களுக்குப் பயிற்சியெல்லாம் படுத்தும் உட்கார்ந்தும்தான். நெஞ்சுவலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது என்றால் பயிற்சித் தாளை மூடிவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையும் கையால் எழுதித் தந்தாள்.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். சிவப்பு மையால் நான் திருத்தியது இவ்வளவு:

‘தினமும் இருவேளை’யை அடித்துவிட்டேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தசைப்பயிற்சியை வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் செய்தால் போதும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியே சொல்கிறது. அதுவும் பொதுவாக நலமாக இருப்பவர்களை மனத்தில் வைத்து. அதைத் தினமும் இரண்டு வேளையாக்கியது யார்?

‘வாரம் பத்து சதவீதம் கூட்டவும்’ இருந்த இடத்தில் ‘இரண்டு வாரம் சரிவு இல்லாவிட்டால் மட்டும், கேட்டுக்கொண்டு கூட்டவும்.’

‘குடும்பத்தினர் ஊக்கப்படுத்தவும்’ என்பதற்குப் பின்னால் ஒரு கூட்டல்: ‘நிறுத்துகிறேன் என்றால் நிறுத்த விடவும்.’

முதல் சந்திப்பிலேயே அரை நிமிட நாற்காலிச் சோதனை வைப்பதைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை, ஆனால் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். விழும் ரகமா என்று கேட்ட பிறகு வையுங்கள். எங்களை நீங்கள் அளந்து பார்க்கும் அந்த அரை நிமிடமே எங்களைச் சாய்த்துவிடும். அதுவும் உங்கள் கண்ணெதிரே சாய்க்காது. ஒன்பது என்று பெருமையாக எழுதிக்கொள்வீர்கள். மூன்றாம் நாள் வீட்டில் நாங்கள் சீப்பைத் தூக்க முடியாமல் இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கட்டங்கள். உங்கள் தாளில் ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிரே எண்ணிக்கை எழுத ஒரு கட்டம் இருக்கிறது, டிக் அடிக்க ஒரு கட்டம் இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும். ஒன்றின் தலைப்பு ‘மறுநாள்’. அடுத்தது ‘நாளை மறுநாள்’. இடம் போதவில்லை என்றால் அந்தச் சிரிக்கும் பொம்மைப் படங்களைச் சிறிதாக்குங்கள். அந்தப் பொம்மைக்கு முழங்காலே இல்லை. அது சிரிக்கத்தான் சிரிக்கும். எழுத்தைச் சிறிதாக்கிவிடாதீர்கள், இப்போதே கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

கடைசி வரியை முழுதாக எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். ‘அசதி கூடினால் நிறுத்தவும், எங்களைக் கூப்பிடவும்’ என்று எழுதி, கீழே தொலைபேசி எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

காய்ச்சல் வந்து பதினான்கு மாதமாகிறது. நான் பழையபடி ஆகிவிடவில்லை. போர்வை மடிப்பு ஒவ்வொன்றாகக் குறைந்து இப்போது வெறும் நாற்காலியில் உட்காருகிறேன். திங்களும் வியாழனும், கையை ஊன்றாமல் ஐந்து முறை, நடுவில் ஒரு நிமிட ஓய்வோடு. கழிப்பறையில் குழாயைப் பிடிப்பதில்லை. போன மாதம் விருந்தாளிகள் வந்த நாளில் அதிகமாகப் பேசிவிட்டு மறுபடி நான்கு நாள் விழுந்தேன். மூன்று வாரம் இரண்டு முறைக்கு இறங்கி, திரும்ப ஐந்துக்கு வந்தேன். இந்த மடலை எழுதி முடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று, நாளுக்குக் கால் மணி நேரம், இரண்டு நாள் விடுமுறை.

புதிய தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம். ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் என்னால் முடியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு மெய்ப்புத் திருத்துநர்